செருப்பை நம்பி நுழைந்த வீடு

கண்ணை மூடினால்தான் எனக்குப் பேச்சு வரும். திறந்திருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜெபம் செய்கிறவளுக்கு இது ரொம்ப வசதியான குணம் என்று இருபத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடுவதற்கு முன் எதிரே யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது என்பது மயிலாப்பூரில் ஒரு வீட்டில்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் பாளையங்கோட்டை சபையின் வாலிபர் குழு வருஷா வருஷம் மிஷன் பயணம் போகும். மலை, காடு, பாதையில்லாத ஊர் என்றுதான் போவார்கள். அந்த வருஷம் சென்னைக்குப் போனோம். அடையாறில் ஒரு சபை எங்கள் பன்னிரண்டு பேருக்கும் மாடியில் பாய் விரிக்க இடம் கொடுத்திருந்தது. (தேவ சித்தம் என்று அறிவித்தார்கள். இருக்கலாம்.) நான் பெயர் கொடுத்ததற்குக் காரணம் வேறு. பத்து நாள் அட்டவணையில் கடைசி நாள் மத்தியானம் ‘தி.நகர், சுதந்திர நேரம்’ என்று ஒரு வரி இருந்தது. மற்ற ஒன்பது நாளை நான் சரியாகப் படிக்கவில்லை.

தலைவர் செல்வின் அண்ணன் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். பயணத்தின் பொருள் ‘கிருபையும் தைரியமும்’. பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் அன்று பெற்ற கிருபை, வலது பக்கம் அன்று காட்டிய தைரியம் எழுத வேண்டும். சாயங்காலம் எல்லார் முன்பும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். ஊழியத்துக்கு என்னோடு ஜோடி சேர்த்திருந்த பெர்சி தினமும் ஒன்றரைப் பக்கம் வாசிப்பாள். என் நோட்டில் முதல் நாள் கிருபை, ‘பஸ்ஸில் சீட் கிடைத்தது’. நான்காம் நாள் கிருபை, ‘சாம்பார் நன்றாக இருந்தது’. வலது பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

“ஏ ஷீபா, தைரியத்துல ஒண்ணுமே இல்லையே.”

“வரலண்ணே.”

“நாளைக்கு வரும்” என்றார். ஆசீர்வாதம் மாதிரியும் இருந்தது, மிரட்டல் மாதிரியும் இருந்தது.

மறுநாள் வந்தது. அடையாறு சபையைச் சேர்ந்த எஸ்தர் டீச்சரின் கணவர் இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மயிலாப்பூரில் வீடு. பெர்சியும் நானும் போய் ஆறுதல் ஜெபம் செய்துவிட்டு வர வேண்டும். பெர்சிக்கு வயிறு சரியில்லை. முந்தின நாள் பெசன்ட் நகரில் பானிபூரி சாப்பிட்டிருந்தாள். (அதை அவள் தைரியத்தில் எழுதியிருக்கலாம்.) நான் தனியாகப் போக வேண்டியதாயிற்று.

செல்வின் அண்ணன் ஒரு துண்டுச் சீட்டில் முகவரி எழுதி, கீழே ‘இரண்டாவது மாடி’ என்று கோடு போட்டுக் கொடுத்தார். “பயப்படாத. துக்க வீடுல்லா? வாசல்ல செருப்பு நெறைய கெடக்கும். பாத்ததும் தெரிஞ்சிரும்” என்றார். என் வாழ்க்கையில் நான் முழுசாக நம்பிய ஒரே வழிகாட்டுதல் அது.

பஸ்ஸில் கண்ணை மூடி ஜெபத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்ததில் ஒரு ஸ்டாப் தாண்டி இறங்கினேன். கோயில் குளத்தைச் சுற்றி இருக்கும் மாட வீதிகளில் எது எதுவென்று தெரியாமல் இரண்டு சுற்று வந்தேன். பூ விற்கிற அக்கா முதல் சுற்றிலேயே என்னைக் கவனித்திருக்கிறார்.

“இன்னாமா, பிரதட்சணமா?” என்றார். சீட்டை நீட்டினேன். “அதோ அந்தச் சந்துல போ. மஞ்சா பில்டிங் ஒண்ணு கீது பாரு, அதான்.”

முதல் மாடி ஏறியதுமே, இடது பக்க வாசலில் செருப்புக் குவியல். பத்து ஜோடிக்குக் குறையாது. கதவும் திறந்திருந்தது. சீட்டில் இரண்டாவது மாடி என்றுதான் இருந்தது. செல்வின் அண்ணன் மாடியை எண்ணியதில் தப்பு செய்திருப்பார், செருப்பு தப்பு செய்யாது என்று முடிவு கட்டினேன். என் செருப்பையும் அந்தக் குவியலில் விட்டு உள்ளே போனேன்.

கூடத்தில் எட்டு ஒன்பது பேர். என்னைப் பார்த்ததும் சத்தமே இல்லை. ஒருவரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் துக்க வீட்டுக்கு வருகிறவர்களை ‘வாங்க’ என்று சொல்ல மாட்டார்கள். சரியான வீடுதான். (அரை நிமிஷம் முன்புவரை அங்கே பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத பெண் நுழைந்ததும் நிறுத்தியிருக்கிறார்கள்.) சுவரில் வரிசையாகச் சாமி படங்கள் இருந்தன. அதையும் பார்த்தேன். கலப்புத் திருமணம் என்று நானே முடிவு செய்தேன். அன்றைக்கு என்னைத் தடுக்க எதுவாலும் முடியாது.

ஒரு மாமி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் போர்வை சுருண்டு குவிந்து கிடந்தது. போனவருடைய கட்டில், மடித்து வைக்கக்கூட மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். “அம்மா, அடையாறுலேர்ந்து வர்றேன். ஒரு ஜெபம் பண்ணலாமா?” என்றேன். மாமி தலையாட்டினார். (“அழுதுண்டிருக்கறச்சே யார் வந்து கையைப் பிடிச்சாலும் நான் தலையாட்டுவேன்” என்று பிறகு சொன்னார்.)

முழங்கால் போட்டேன். முழங்கைகளைப் போர்வைக் குவியல்மேல் ஊன்றினேன். கண்ணை மூடினேன். வந்தது பேச்சு.

“ஆண்டவரே, இந்த வீட்டின் தலைவரை நீர் எடுத்துக்கொண்டீர். அவர் இப்போது வலியில்லாத, மருந்தில்லாத, ஆஸ்பத்திரியில்லாத இடத்தில் இருக்கிறார். இந்த வெறும் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் இந்த அம்மாவின் இருதயம் என்ன பாடு படும்…”

என் கைகளுக்கு அடியில் ஏதோ அசைந்தது. ஆவியானவர் அசைவாடுகிறார் என்று சபையில் சொல்வார்கள். எனக்கு ஒருநாளும் அப்படி ஒன்றும் நடந்ததில்லை. இன்றைக்கு எனக்கும் நடந்துவிட்டது என்று குரலை இன்னும் உயர்த்தினேன்.

“கையை எடும்மா. முட்டி வலிக்கறது” என்றது போர்வை.

கண்ணைத் திறந்தேன். கலைந்த தலையும் இரண்டு நாள் தாடியுமாக ஒரு மனிதர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். கண் திறந்திருந்ததால் எனக்குப் பேச்சு வரவில்லை. கடைசியில் வந்ததும் வராமலே இருந்திருக்கலாம்.

“மன்னிச்சிருங்க சார். நீங்க இறந்துட்டீங்கன்னு சொன்னாங்க.”

“யார் சொன்னா?”

“செல்வின் அண்ணன்.”

அவர் மாமி பக்கம் திரும்பினார். “யாருடீ செல்வின், அந்த டாக்டரா?”

மாமி வாய்விட்டே அழ ஆரம்பித்தார். அப்போதுதான் விஷயம் எனக்குத் துண்டு துண்டாகத் தெரியவந்தது. அவர் ராமநாதன் மாமா, பாங்க்கில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை அவருக்கு பைபாஸ் ஆபரேஷன். அன்று நாலு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று, இனியும் தள்ளினால் தன்னால் எதற்கும் பொறுப்பேற்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமாவோ காலையிலிருந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அசையவில்லை. அவரைக் கிளப்பத்தான் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அத்தனை செருப்பும் அவர்களுடையது. மணி மூன்றேகால்.

அவர் மகள் வித்யா என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்தாள். “அப்பா, இது மேலாத்து டீச்சருக்கு. மாடி மாறி வந்துட்டா.”

மாமா பயந்ததற்குக் காரணமே அந்த மேல்வீடுதான். டீச்சரின் கணவர் இதே மாதிரி ஆபரேஷனுக்குத்தான் தன் காலால் நடந்து படியிறங்கிப் போயிருக்கிறார். திரும்பி வந்தது ஆம்புலன்ஸில். மாமா அதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

மாமியின் தம்பி எழுந்து நின்றார். “யாரும்மா நீ? ஆபரேஷனுக்குக் கிளம்பறவர் மேல கையை வெச்சுண்டு இப்படியா பேசறது?”

அவர் கேட்டதில் என்ன தப்பு? ஒரு மனிதரை இருக்கிற பயத்துக்கு மேலும் பயமுறுத்தி, அவர் போகாமலே இருந்து ஏதாவது ஆகிவிட்டால், அது என் முழங்கையால் வந்ததுதான். அவமானம் போய் நிஜமான பயம் வந்தது.

மாமாவின் தோள்கள் குலுங்கின. எல்லாரும் பதறிப்போய் நெஞ்சைப் பிடித்துவிட ஓடினார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வாரமா இதையேதான் நெனச்சிண்டு படுத்திருந்தேன். நான் போயிட்டா ஆத்துக்கு யார் வருவா, என்ன பேசுவா, இவ என்ன பண்ணுவான்னு. இப்போ படுத்துண்டே பார்த்துட்டேன். இவ்வளவுதானா? யாரோ ஒரு பொண்ணு வரா, இவ கையைப் பிடிச்சுக்கறா, என்னைப் பத்தி நல்லபடியாப் பேசறா. பரவாயில்லையே.” என்னைப் பார்த்தார். “ஆனா அது மேலாத்துக்கு வந்தது. உயிரோட இருக்கறவாளுக்குன்னு உங்கிட்ட ஏதாவது உண்டா?”

இல்லை. மனப்பாடம் செய்து வந்தது ஒன்றுதான், அதைச் செலவழித்தாயிற்று. கண்ணை மூடவும் பயம். மாமாவைப் பார்த்துக்கொண்டே, திறந்த கண்ணோடு, திக்கித் திக்கிச் சொன்னேன்.

“ஆண்டவரே, மாமாவுக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. கூட வாங்க. ஆமென்.”

“இது போறும்” என்று மாமா காலைக் கீழே வைத்தார். “எங்கேடீ என் செருப்பு?”

அந்த மனுஷர் மனசு மாறுவதற்குள் கிளப்பிவிட வேண்டும் என்று மொத்தக் குடும்பமும் வாசலுக்குப் பாய்ந்தது. கால் போன செருப்பில் நுழைந்து இரண்டே நிமிஷத்தில் இறங்கிவிட்டார்கள். நான் வெளியே வந்தபோது என் செருப்பு இல்லை. அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

வெறுங்காலோடு மேல்மாடி ஏறினேன். அங்கே வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. எஸ்தர் டீச்சர் தனியாக இருந்தார். “கீழே என்ன சத்தம்?” என்று கேட்டார். சொன்னேன். ஜெபத்தைச் சொல்லி, போர்வை பேசியதைச் சொன்னதும் டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. நானும் சேர்ந்து அழுதேன். ஜெபம் செய்ய மறந்தே போனேன். கிளம்பும்போது என் காலைப் பார்த்துவிட்டு, தன் கணவருடைய செருப்பை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். “போட்டுட்டுப் போ. அதை உள்ளே எடுத்து வெச்சதுலேர்ந்து வாசல் நல்லாவே இல்லை” என்றார்.

ஒன்பதாம் நம்பர் செருப்பை இழுத்துக்கொண்டு அடையாறு போய்ச் சேர்ந்தேன். நோட்டைத் திறந்தால் எந்தப் பக்கம் எழுதுவது என்று புரியவில்லை. மாமா எழுந்து போனது என்னுடைய தைரியமில்லை. என் தப்பு எப்படிக் கிருபையாகும்? கடைசியில் நடுவில் போட்ட கோட்டின் மேலேயே ‘வீடு மாறிப் போனேன்’ என்று எழுதினேன். செல்வின் அண்ணன் வாசித்துவிட்டு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் புரியவில்லை.

கடைசி நாள் மத்தியானம் எல்லாரும் தி.நகர் போனார்கள். நான் செருப்பைத் திருப்பிக் கொடுக்க மயிலாப்பூர் போனேன். (அன்று தி.நகரில் வாங்காமல் விட்ட சுடிதார் இன்னும் என் மனதில் தொங்குகிறது.) இரண்டாவது மாடி, எண்ணித்தான் ஏறினேன். டீச்சர் வீட்டு வாசலில் மூன்று ஜோடி செருப்பு கிடந்தது. அதில் ஒன்று என்னுடையது. உள்ளே மாமியும் வித்யாவும் டீச்சரோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். “எங்க கவலையில மாடி ஏறி ஒரு வார்த்தை கேக்காம இருந்துட்டோமே டீச்சர்” என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார். மாமா ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார். பேசிய முதல் வார்த்தை, “நான் இருக்கேன்னு அந்தப் பொண்ணு கிட்ட சொல்லிடு” என்பதாம்.

பன்னிரண்டு வருஷமாகிறது. வருஷாவருஷம் அந்தத் தேதியில் ராமநாதன் மாமா போன் செய்வார். ஹலோகூடச் சொல்ல மாட்டார். “ஷீபா, உங்க ஆண்டவர் என்னை இன்னும் எடுத்துக்கலை” என்பார். “ஸ்தோத்திரம் மாமா” என்பேன். வைத்துவிடுவார்.

எங்கள் வீட்டிலும் அந்தக் கதை விட்டபாடில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபிக்கக் கண்ணை மூடப் போனால், என் மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணுவாள். “எல்லாரும் உயிரோடதான் இருக்கோம்மா. இப்ப ஆரம்பி.”