ஏழு போத்தல் ஈயமும் பாத்துருவம் நானாவும்

உலகத்தில் எதையுமே நம்பாமல் ஐம்பது வயது தாண்டிய ஒரே மனிதர் எங்கள் மாத்தளையில்தான் இருந்தார். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். அந்தச் சத்தியத்தையும் அவர் நம்பமாட்டார் என்பது வேறு விஷயம். "பாத்துருவம்", அதாவது நேரில் பார்த்துவிடுவோம், என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆபீஸில், எங்கள் பாஷையில் கந்தோரில், அவருக்குப் பாத்துருவம் நானா என்றே பெயர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். வெளியே மழை என்றால் வாசலில் இறங்கி நனைந்துவிட்டு வந்து "ஓம், மழதான்" என்பார். தேத்தண்ணி சுடுகிறது என்றால் விரலை விட்டுப் பார்ப்பார். கந்தோர் மணிக்கூட்டைச் சரிபார்க்கக் காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடப்பார். ரயில் பிந்தி வந்த நாளில் மணிக்கூட்டை நம்புவதா ரயிலை நம்புவதா என்று தெரியாமல் பகல்வரை மேடையிலேயே நின்றிருந்தார். அன்றைக்கு அவருக்கு அரை நாள் லீவு வெட்டினார்கள்.

இப்படிப்பட்டவரையும் என்னையும்தான் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரு வேலையைக் கொடுத்தார் எங்கள் மேலதிகாரியான பெரிய மாத்தயா. எழுபதுகளின் தொடக்கம், பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். அதற்குப் பல வருஷம் முன்னால் எங்கள் கந்தோர் ஆட்கள் மாவட்டத்து ஓடைகள் எல்லாவற்றிலும் இறங்கி, அடியில் படிந்த மணலைத் துணிப்பையிலும் தண்ணீரைப் போத்தலிலும் பிடித்து, கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். எந்த ஓடையில் எவ்வளவு செம்பு, எவ்வளவு துத்தநாகம், எவ்வளவு ஈயம் என்று கொழும்பிலிருந்து வந்த இலக்கங்கள் பழைய பதிவேடுகளில் கிடந்தன. பாதியைப் பூச்சி தின்றிருந்தது. மீதியை மூன்று பேர் மூன்று விதமாகக் கிறுக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் சுத்தம் செய்து ஒரே பதிவேடாக்க வேண்டும். ஆளுக்குப் பாதி.

எனக்கு அப்போது முப்பது வயது, டைப்ரைட்டரில் நல்ல வேகம், அதைவிட நல்ல தலைக்கனம். வாசிக்க முடியாததை உத்தேசமாக எழுதினேன். ஒத்துவராததை வெட்டினேன். நானா என்ன செய்தார் தெரியுமா? வரைபடத்தில் அலுவிகாரைக் கற்பாறைக்கு மேலே ஓடையைக் குறிப்பது போல் ஒரு புள்ளி இருந்தது, பதிவேட்டில் அதற்கு இலக்கம் இல்லை. மனுஷன் குடையை எடுத்துக்கொண்டு அலுவிகாரைக்கே போய்விட்டார். கடைகடையாக விசாரித்து, பாறையைச் சுற்றி வந்து, சாயங்காலம் சேறும் சகதியுமாகத் திரும்பினார். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அது புள்ளியே இல்லை. நசுங்கிய எறும்பு!

"ஏன் நானா, நகத்தால ஒரு சுரண்டு சுரண்டியிருந்தா இங்கேயே முடிஞ்சிருக்குமே?"

"சுரண்டினா எறும்புண்டு தெரியும் தம்பி. அங்க ஓடை இல்லண்டு எப்படித் தெரியும்?"

தலையில் அடித்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். ஒரே மாதத்தில் என் பாதியை முடித்து, ஈயம் கூடிய இடங்கள் என்று ஏழு ஓடைகளின் பட்டியலையும் அழகாக டைப் செய்து வைத்தேன். நானா எட்டிப் பார்த்து, "அத ஒருக்கா பாத்துருவமா?" என்றார். "நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள நான் பென்சன் எடுத்துருவேன்" என்று சொல்லிப் பட்டியலை உள்ளே கொண்டுபோனேன். பெரிய மாத்தயா கையெழுத்திட்டார். அந்த ஓடைத் தண்ணீரை யார் யார் குடிக்கிறார்களோ அந்தத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் கடிதம் போனது.

அடுத்த மாதம் லீவில் எல்கடுவைப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குப் போனேன். அம்மா அப்போதும் அங்கே கொழுந்து பறிக்கும் வேலையில்தான் இருந்தாள். வாசலில் வெறும் வாளியோடு நின்றவள் என்னைக் கண்டதும் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"நம்ம பீலிய அடைக்கப் போறாங்களாம்டா! தண்ணியில ஈயமாம். இருவது குடும்பம் இனிமே பள்ளத்துல எறங்கித் தண்ணி தூக்கணுமாம். எவனோ கந்தோர்ல குந்திக்கிட்டு டைப்படிச்சு அனுப்பியிருக்கான். அவன் கை வெளங்குமா? அவன் வீட்டு அடுப்பு எரியுமா?"

"போதும்மா, விடும்மா."

"ஒனக்கு ஏன்டா அவன் மேல இவ்வளவு பாசம்?"

அவன் வீட்டு அடுப்பு அவளுக்குப் பின்னால்தான் எரிந்துகொண்டிருந்தது. பட்டியலில் ஓடைகளுக்கு இலக்கம்தான் இருந்ததே தவிரப் பெயர் இல்லை. ஐந்தாவது ஓடைதான் எங்கள் லயத்து வீட்டு வரிசையின் குழாய்க்கு, அதாவது நான் பிறந்ததிலிருந்து குடித்த பீலிக்கு, வருகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

திங்கட்கிழமை நேராக நானாவின் முன்னால் போய் நின்றேன். வேறு யாராவது என்றால் ஒரு வாரம் குத்திக்காட்டியே கொன்றிருப்பார்கள். இவர் பழைய பதிவேடுகளை மேசையில் பரப்பினார். மத்தியானம்வரை குனிந்த தலை நிமிரவில்லை.

"இங்க பாருங்க. ஏழு ஓடையும் ஒண்டோட ஒண்டு சேராது. ரெண்டு மலைக்கு அந்தப் பக்கம் மூணு, இந்தப் பக்கம் நாலு. மணல்ல ஈயம் இல்ல, தண்ணில மட்டும் ஈக்குது. ஆனா ஏழு போத்தலும் ஒரே நாள்ல புடிச்சது. முந்தின நாள் புடிச்சதுலயும் ஈயம் இல்ல, மறுநாள் புடிச்சதுலயும் இல்ல. ஈயம் மலையில இல்ல தம்பி, அந்த நாள்லதான் ஈக்குது."

அந்த நாளில் தண்ணீர் பிடித்தவர் ஆரோக்கியம் என்ற பழைய வேலையாள். ஓய்வுபெற்று வஹகோட்டையில் மகள் வீட்டில் இருந்தார். அன்றைக்கே பஸ் ஏறினோம். கிழவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நானா விடுவாரா? அன்றைக்கு வெயிலா மழையா, என்ன சாப்பாடு, காலில் செருப்பு இருந்ததா என்று கேட்டு மனுஷனை வறுத்தெடுத்துவிட்டார். சாப்பாடு என்றதும்தான் கிழவர் முகம் மாறியது.

"ஐயோ, அன்னைக்கு ஏதுங்க சாப்பாடு! பாறையில வழுக்கி, சோத்துப் பார்சலும் போத்தல் தக்கைப் பையும் ஒண்ணா ஆத்துல போயிருச்சு. நான் சோத்துக்குத்தாங்க அழுதேன்."

"தக்க இல்லாம போத்தல எதால அடச்சீங்க?"

"பக்கத்து ஸ்டோர்ல ஆதிகாலத்துத் தேயிலைப் பொட்டி ஒடஞ்சு கெடந்துச்சு. உள்ள ஒட்டியிருந்த ஈயத்தாளக் கிழிச்சுச் சுருட்டி அடச்சேன். ஒரு சொட்டு சிந்தலீங்க!" என்றார் பெருமையாக.

கொழும்புக்குப் போகும்வரை மூன்று வாரம் சாக்குக்குள் தலைகீழாகக் கிடந்த போத்தல்கள் அவை. எனக்கு நானாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் போலிருந்தது. பெரிய மாத்தயாவும் நல்ல மனிதர். பீலியை அடைக்க வேண்டாம், புதிதாகத் தண்ணீர் பிடித்துச் சோதித்துச் சொல்கிறோம் என்று மறுநாளே கடிதம் போட்டார். புதுப் போத்தல், புதுத் தக்கையோடு நானாவே எங்கள் லயத்துக்கு வந்து தண்ணீர் பிடித்தார். ஊரே கூடிவிட்டது.

"அப்ப குடிக்கலாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியாது" என்றார் நானா.

"என்னா நானா, அதான் ஈயத்தாள்னு தெரிஞ்சிருச்சே!" என்றேன் நான்.

"போத்தல்ல ஈயத்தாள் இருந்தது தெரியும். ஓடையில ஈயம் இல்லண்டு இன்னும் தெரியாது. கொழும்புல இருந்து வரட்டும். அதுவரைக்கும் புள்ளகளுக்குக் குடுக்க வாணாம்."

பெண்கள் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எனக்கும் ஆத்திரம்தான். ஒரு தலையாட்டல் போதும், அதைக்கூடச் செய்யமாட்டேன் என்கிறாரே!

கொழும்புக்காரர்கள் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்கள். முதல் ஞாயிறு நான் வீட்டுக்குப் போனபோது, பள்ளத்திலிருந்து ஏறும் படியில் ஓர் ஆள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளியோடு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். தொப்பி நனைந்திருந்தது. பாதித் தண்ணீர் சாரத்தில்தான் இருந்தது. மாத்தளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாராம். அம்மாவுக்கு இரண்டு நடை, பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சிக்கு இரண்டு நடை.

"என்ன நானா இது?"

"தெரியாதத தெரியுமெண்டு சொல்ல ஏலாது தம்பி. தண்ணி தூக்க ஏலும்தானே?"

நான் ஒரு வாளியை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை. திட்டிய பெண்களே அவருக்குப் பிளேன் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். அம்மா அவர் உட்காரவென்று ஒரு பலகையையே ஒதுக்கி வைத்தாள்.

ஒருவழியாக முடிவு வந்தது. ஈயம் இல்லை. நானா தாளை மூன்று தரம் படித்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மாட்ட சொல்லுங்க, இனி குடிக்கலாம்" என்றார். பீலியில் அன்றைக்கு ஒரே கும்மாளம்.

அந்த ஞாயிறு நானா வரவில்லை. வேலைதான் முடிந்துவிட்டதே, எதற்கு வரப்போகிறார்? ஆனாலும் பஸ் வரும் நேரத்துக்கு அம்மா வாசலில் நின்று பாதையைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறும் பார்த்தாள். திங்கட்கிழமை அவரிடம், "நானா, அம்மா ஒங்கள வரச் சொன்னாங்க" என்றேன்.

பதறிப்போய்க் குடையை எடுத்துவிட்டார். "ஏன், தண்ணிக்கு என்ன?"

"தண்ணிக்கு ஒண்ணுமில்ல. ஒங்களக் காணாம அம்மாவுக்கு என்னமோ மாதிரி இருக்காம்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் அம்மாவின் பெயரில் சொல்லிவிட்டேன்.