மோட்டார் ரூமில் பன்னிரண்டு போர்தோ

'தெரியாது' என்ற சொல் என் வாயில் வராது. அந்த வியாதியால் போன வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில், பர்ச்சேஸ் பிரிவில், காண்ட்ராக்ட்டில் இருந்தேன். தசரா முடிந்ததும் பர்மனென்ட் என்று பேச்சு. கையெழுத்துப் போட வேண்டியவர் புனேக்கார மேனேஜர். திருப்பதியில் அவர் வீட்டுக்குக் கீழே ஒயினுக்கென்றே ஒரு குளிர் அறை வைத்திருந்தார். "போர்தோ ரெட் ஒயின் வேணும். நல்லதா, விலை கட்டுப்படியாகிற மாதிரி, பத்து வருஷம் வைத்துக் குடிக்கிற மாதிரி. உனக்குத் தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"தெரியும் சார்" என்றேன். (அது பிரான்சில் ஒரு ஊர் என்பதே வெளியே வந்து போனில் தேடித்தான் தெரிந்தது.)

ஒரு வாரம் படித்தேன். விஷயம் எங்கள் சித்தூர் மாந்தோப்பு மாதிரிதான். பேர் வாங்கின தோப்புக்கு அடுத்த தோப்பிலும் அதே மண், அதே மழை; விலைதான் குறைவு. அப்படிப் பக்கத்துத் தோட்டங்களாக, வெயில் சரியாக அமைந்த வருஷங்களாகப் பார்த்து, திருப்பதிக் கடையில் பன்னிரண்டு பாட்டில் பொறுக்கினேன். சிலதை இப்போதே குடிக்கலாம், சிலது பத்து வருஷம் தூங்க வேண்டும். எது எது என்று லேபிளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இன்றைக்கும் சொல்வேன், பொறுக்கினதில் தப்பே இல்லை.

மேனேஜர் தசராவுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு புனேவுக்குப் போயிருந்தார். "படுக்க வை. வெயில் படக் கூடாது, ஆட்டக் கூடாது" என்று போனில் சொன்னார். பிச்சாட்டூரில் எங்கள் வீட்டில் ஏசி ஏது? கழனி மோட்டார் ரூமில் ஈர மணல் பரப்பிப் படுக்க வைத்தேன்.

"இன்னாடா அது?" என்றார் நைனா, என் அப்பா. பக்கத்து ஆள் மேல் சாராய வாடை அடித்தால் பஸ்ஸில் சீட் மாறி உட்காருகிற மனிதர்.

"கம்பெனி சாமான் நைனா." (தொடாதே என்றும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.)

மறுநாள் ஆயுத பூஜை. பொரி வாங்கிக்கொண்டு கழனிக்குப் போனால், மண்டையைப் பிளக்கும் வெயிலில் மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கிற மெஷின் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கும் முன்னால் பன்னிரண்டு பாட்டில் நிற்கிறது. ஒன்றிலும் லேபிள் இல்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

"மணலு ஒட்டிக்கினு கலீஜா இருந்துச்சிடா. தேங்கா நார் போட்டு தேச்சேன், பேப்பரு அல்லாம் பூடுச்சி. நம்மளுக்கு சோறு போடற சாமானாச்சே, மொதல்ல அதுக்குத்தான் கற்பூரம் காட்டி வியுந்து கும்புட்டேன்" என்றார் நைனா.

அழுதுவிட்டேன். பக்தியில் அழுகிறேன் என்று நினைத்து நெற்றியில் விபூதி வேறு பூசிவிட்டார்.

தசரா முடிந்து வந்த மேனேஜர் ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கார்க்கில் பேரும் வருஷமும் இருக்கும் சார்" என்றேன்.

"அதைப் பார்க்கணும்னா திறக்கணும். திறந்துட்டு எப்படிப் பத்து வருஷம் வைக்கிறது?"

பாட்டிலுக்கு லேபிள் இல்லை. மாதக் கடைசியில் காண்ட்ராக்ட்டும் இல்லை.

நைனாவுக்குச் சோறு இறங்கவில்லை. "பூஜைல நான் இன்னாவோ கொற வச்சிட்டேன்டா. அதான் உன் வேல பூடுச்சி" என்று தன்னையே திட்டிக்கொண்டு கிடந்தார். மூன்று நாளுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அது சாராயம் நைனா" என்று சொல்லிவிட்டேன்.

"டேய், சாராய பாட்டிலயா என்னை வியுந்து கும்புட வச்ச?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலை முழுகக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இப்போது சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் இருக்கிறேன். இன்னும் காண்ட்ராக்ட்தான். ஆயுத பூஜை வந்தால் நைனா குங்குமக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிடுவார். சாராய வாடை இல்லை என்று நான் மோந்து பார்த்துச் சொல்லாமல் எதற்கும் பொட்டு வைக்க மாட்டார். மண்வெட்டி, மோட்டார், என் பைக், எல்லாம் மோந்தாக வேண்டும். போன வருஷம், ரெண்டாவது படிக்கிற என் மகள் பென்சில் டப்பாவை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நல்லா மோந்து சொல்லு நைனா. தாத்தா வெய்ட் பண்றாரு."

மோந்தேன். வெறும் பென்சில்தான் என்று சொன்ன பிறகுதான் பொட்டு வைத்தார்.