அலமாரிக்குள் ஒரு அடுப்பு

அலமாரிக்குள்ளிருந்து புகை வந்ததும் ராலிட்சா டீச்சர் அதன் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"என்ன வாசனை இது?" என்றார் தலைமையாசிரியர் போயாஜியேவ்.

"நீங்க ஒளிக்கச் சொன்ன அடுப்புதான் சார். இன்னும் ஆறலை."

ஒரு மாதமாக நடக்கும் சண்டை இது. இரண்டாம் வகுப்பு எலிட்சா, பள்ளியில் சேர்ந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் பள்ளி விழாவுக்குப் பானிட்சா என்ற பலகாரம் செய்வதற்காக, பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து மாவுத்தாளை மடிக்கும்போது அவள் மெல்லப் பாடியதை டீச்சர் கேட்டுவிட்டார். மறுநாளே அவருடைய வீட்டு மின்னடுப்பு வகுப்புக்கு வந்தது. கூட்டலும் பெருக்கலும் மாவில் நடந்தன. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிட்டு அதைச் சாப்பிடவும் செய்தார்கள்.

போயாஜியேவுக்கு இது ஆகவில்லை. பேசாத பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றச் சொல்லி மேலே எழுதிப் போட்டார். அதை முடிவு செய்யத்தான் இன்று பள்ளி ஆய்வாளர் அம்மா வருகிறார்.

"கணக்குப் புத்தகத்துல நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து வைங்க" என்று சொல்லிவிட்டு, விருந்தாளியை வரவேற்கும் ஊர் வழக்கப்படி ரொட்டியும் உப்பும் ஏந்தி முன்வாசலுக்குப் போனார் போயாஜியேவ்.

டீச்சர் புகை போக ஜன்னலைத் திறந்தார். பனிக்காற்று உள்ளே புகுந்து மாவையெல்லாம் வாரி இறைத்தது. பிள்ளைகள் நடுங்கினார்கள். அவர்கள் கை காயட்டும் என்று அடுப்பை அலமாரியிலிருந்து எடுத்து ஸ்விட்சைப் போட்டார். பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் கரண்ட் போயிற்று.

அந்த நேரம் பார்த்து, பழைய கோட்டு போட்ட ஒரு பெண் பின்வாசல் வழியாக வந்து நின்றாள். டீச்சருக்கு உயிர் வந்தது. பழம் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கும் எலிட்சாவின் அம்மாவை அவர் பார்த்ததே இல்லை. இன்றைக்காவது வந்து உதவும்படி சொல்லி அனுப்பியிருந்தார்.

"நான் வந்து..."

"பேச்செல்லாம் அப்புறம். கையைக் கழுவுங்க" என்று ஏப்ரனை மாட்டிவிட்டு, அவளை எலிட்சா பக்கத்தில் உட்காரவைத்தார்.

வந்தவள் முதல் மாவுத்தாளைக் கிழித்தாள், இரண்டாவதையும் கிழித்தாள். எலிட்சா பெருமூச்சு விட்டு, அவள் விரலைப் பிடித்து மடிக்கக் காட்டிக்கொடுத்தாள். இவ்வளவு வயதாகியும் மாவு மடிக்கத் தெரியாத அம்மாவா என்று டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் மனதில் இருந்ததைக் கொட்டினார்.

"உங்க பொண்ணோட தலை மட்டும் தனியா பள்ளிக்கூடம் வரலைங்க. வயிறும் பயமும் கூடவே வருது. எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் நான் பாடம் எடுக்கறேன். இவளை அனுப்பணும்னா என்னையும் சேர்த்து அனுப்புங்கன்னு அந்த ஆய்வாளர்கிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லிடுவீங்களா?" என்றாள் அவள், மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மூஞ்சிக்கு நேரா சொல்வேன். நாற்பத்தேழாம் பக்கத்தை அவங்களே வச்சுக்கட்டும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போயாஜியேவ் ஓடிவந்தார். தொப்பியிலும் ரொட்டியிலும் பனி.

"ஆய்வாளர் பின்பக்கமா உள்ள போய் அரை மணி நேரம் ஆச்சாம், கார் டிரைவர் சொல்றான். இங்க யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலை சார். நாங்களும் எலிட்சாவோட அம்மாவும்தான் இருக்கோம்."

மாவைக் கீழே வைத்துவிட்டு எலிட்சா எழுந்து நின்றாள். வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"டீச்சர், இது எங்க அம்மா இல்ல. எங்க அம்மாவுக்கு மாவு மடிக்கத் தெரியும்."