தலையில்லாத நாயும் ஒரு விளக்கும்

பேயை நம்புகிறீர்களா? "சேச்சே!" என்கிறீர்கள். நல்லது. அந்தச் "சேச்சே"வுக்குப் பின்னால் ஒரு "ஆனா" வருகிறதா, இல்லையா? பேயை நம்புகிறவரால் யாருக்கும் தொல்லை இல்லை. பயந்துபோய் வீட்டோடு கிடப்பார். "நான் நம்புறவன் இல்ல, ஆனா..." என்று தொண்டையைக் கனைக்கிறாரே, அந்த ஆனாக்காரர்தான் ஆபத்தான பிராணி.

யார்க்‌ஷயர் மலைச்சரிவில், ஸ்கார்பெக் என்ற இங்கிலாந்து ஊரில், இந்த இனத்தின் கொழுத்த மாதிரி ஒருவர் உண்டு: ஆட்டுப் பண்ணைக்காரர் கத்பர்ட் ரெய்ஸ்ட்ரிக். ஓடைப் பள்ளத்தை ஒட்டிச் சாலை சட்டென்று திரும்பும் இடத்தில், ஊர்க் கதைகளில் உலவும் கரும்பேய் நாயைப் பார்த்தவர். நாயைப் பற்றிக் கேட்கிற வெளியூர்க்காரர் முதலில் அவருக்கு ஒரு கிளாஸ் பீர் வாங்கித் தர வேண்டும் என்பது ஊர் பப்பின் எழுதாத சட்டம். முதல் மிடறில் நாய் கன்றுக்குட்டி அளவு இருக்கும். கிளாஸ் காலியாவதற்குள் குதிரையாகிவிடும்.

"தலையே கிடையாது தம்பி. கண்ணு ரெண்டும் தட்டு மாதிரி!"

"தலையில்லாம கண்ணு எங்க இருந்துச்சு?"

"அதான்யா பயங்கரமே!"

அதே வளைவில் தபால்காரி எட்னா இரண்டு முறை சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தாள். பார்த்தவருக்கு பீர், விழுந்தவளுக்கு மாவுக்கட்டு. என்ன நியாயம் இது? வளைவில் ஒரு விளக்குக் கம்பம் வேண்டும் என்று அவள் ஊர்க்கூட்டத்தில் கேட்டாள். கத்பர்ட் மனக்கணக்குப் போட்டார். விளக்கு வந்தால் நாய் போகும். நாய் போனால் பப்பில் கணப்பருகே அவருக்கென்று இருக்கும் நாற்காலி போகும். பிறகு அவர் வெறும் ஆட்டுக்காரர். எழுந்தார்.

"நான் நம்புறவன் இல்ல, ஆனா அது இருக்கிற எடத்துல வெளிச்சத்தப் போட்டு எதுக்கு வம்பு?"

ஓட்டுப் போடப் பாதி தூக்கிய கைகளெல்லாம் மடிக்குத் திரும்பின. தேநீர் வந்தது. பிஸ்கட் நன்றாக இருந்ததாகத் தலைவர் பாராட்டினார்.

டிசம்பரில் அங்கே நாலு மணிக்கே இருட்டு. தீவன மூட்டையோடு வந்த கத்பர்ட், வளைவில் கால் தவறி, மூட்டை மேலும் தான் கீழுமாக ஓடையில் உட்கார்ந்தார். கரையில் கறுப்பாக ஏதோ மூச்சு வாங்கியது. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கண் எரிந்தது! கத்பர்ட் பாதி ஜெபமும் பாதி கெட்ட வார்த்தையுமாக அலற, அது அவர் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டு, வாயில் கவ்வியிருந்த டார்ச்சைக் கையில் எடுத்தது. எட்னா. கறுப்பு மழைக்கோட்டு. ஒரு கையில் மாவுக்கட்டு. இருந்த இன்னொரு கையால்தான் இழுத்திருந்தாள்.

"கத்பர்ட் அண்ணே, இப்பச் சொல்லுங்க. விளக்கு வேணுமா, வேணாமா?"

"வேணும்மா! அடுத்த கூட்டத்துல மொதக் கை என்னோடதுதான்!"

உடுப்பு காய்ந்தது. கணப்பருகே ஒரு வெளியூர்க்காரர் பீரோடு வந்து உட்கார்ந்தார்.

"ஒத்தக் கண்ணு தம்பி! என் காலரக் கவ்வி இழுத்துச்சு பாரு..."

"இழுத்தது நான்தாண்ணே," என்றாள் பின்னாலிருந்து எட்னா.

"பாத்தியா, உன் உருவத்துலயே வந்திருக்கு!"

பப்பே சிரித்தது. எட்னா சிரிக்கவில்லை, விடிந்தால் தபால் பையோடு அதே வளைவைத்தான் அவள் கடக்க வேண்டும்.

அடுத்த கூட்டம். விளக்குக் கம்பம் மறுபடி ஓட்டுக்கு வருகிறது. கத்பர்ட்டின் கை மெய்யாகவே பாதி எழுகிறது. கணப்பருகே இருக்கும் நாற்காலி அவர் கண்முன் வந்து போகிறது. தொண்டையைக் கனைக்கிறார். "நான் நம்புறவன் இல்ல, ஆனா..."

ஒவ்வொரு கையாக இறங்குகிறது. கடைசி வரிசையில் பிஸ்கட்டும் கையுமாக இருப்பது யார்? நீங்கள்தானே? உங்கள் கை ஏன் மடியில் கிடக்கிறது? நீங்கள்தான் நம்புகிறவர் இல்லையே! எட்னா உங்களைப் பார்க்கிறாள். பிஸ்கட்டைக் கீழே வையுங்கள். கையைத் தூக்குங்கள்.