இரண்டு மீட்டர், ஐந்து சென்டி

அளந்து பார்க்காமல் டேப் மாமா நம்பிய பொருள் கல்கத்தாவில் ஒன்றுகூடக் கிடையாது. சர்வே வேலையில் ஓய்வு பெற்றவர். லேக் கார்டன்ஸில் எங்களுக்குக் கீழ் வீடு. சட்டைப் பையில் எப்போதும் ஸ்டீல் டேப். சந்தையில் ரூயி மீனைத் தலையிலிருந்து வால்வரை அளப்பார். "தாதா, மீனுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்பான் மீன்காரன். அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நடுவார்கள். டேப்பை அவர் மனைவி தொட்டால்கூடச் சண்டை. எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குத் தைராய்டில் புற்றுநோய். அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதியைக் கொல்லக் கதிரியக்க அயோடின் கொடுத்து, தனி அறையில் சில நாள் அடைத்துவைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். "உடம்பிலிருந்து இன்னும் கொஞ்ச நாள் கதிர் வரும். குழந்தையிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே இருங்கள்" என்றார் டாக்டர். என் மகள் சுமிக்கு நாலு வயது.

மாடிப்படியில் என்னைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் உண்டு. முட்டாள்கள். அதைக்கூடப் பொறுத்தேன். சுமி என் அறைக் கதவுக்கு வெளியே நின்று, "அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் டேப் மாமா வந்தார். எங்கள் வராந்தாவில் மண்டியிட்டு அளந்து, எனக்கொன்று சுமிக்கொன்று என்று சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார்.

"ரெண்டு மீட்டர். அஞ்சு சென்டி சேத்தே போட்டிருக்கேன். உன் பொண்ணு கோட்டத் தாண்டி எட்டிப் பாப்பா, அதுக்குத்தான்."

"உங்களுக்குப் பயமா இல்லையா மாமா?"

"பயம் எதுக்கு? அதான் அளவு சொல்லியிருக்காங்களே."

தினமும் சாயங்காலம் அந்தப் பக்கம் சுமியோடு காவலுக்கு உட்கார்ந்தார். அவள் கட்டைவிரல் கோட்டைத் தொட்டால், "கால உள்ள இழு, ஷோனா" என்று கொஞ்சுவார். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் காப்பியோடு கோட்டைத் தாண்டினால் கொஞ்சல் கிடையாது. "ஏம்ப்பா, உங்க துறைமுகத்துல இப்படித்தான் கண்ட எடத்துல நுழைவீங்களா?"

மூன்றாம் நாள் சுமி அழுகையை நிறுத்தவே இல்லை. மாமா டேப்பை எடுத்து நீட்டி, நுனியை என் பக்கம் தள்ளினார்.

"கையுறை போட்டுப் பிடி."

டப்பா முனையைச் சுமியிடம் கொடுத்தார். அவள் ஆட்டினாள், என் விரலில் தகடு துடித்தது. நான் ஆட்டினேன், அவள் சிரித்தாள். மாமி வாசலில் நின்று, "முப்பது வருஷமா என்னைத் தொட விடலியே, மனுஷா" என்றாள்.

டாக்டர் சரி என்று சொன்ன அன்று, சுமி ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மாமாவைப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை அளந்துகொண்டிருந்தார்.

"என்ன மாமா அளக்கறீங்க?"

"ஜன்னல்" என்றார்.

அந்தச் சுவரில் ஜன்னலே கிடையாது. சாதாரணமாக என் வாய் சும்மா இருக்காது. அன்று மட்டும், அவர் அளந்து முடிக்கட்டும் என்று பேசாமல் நின்றேன்.