நாளைக்கு மாஸ்டர் கேட்ட பஸ்

எங்கள் பக்கத்து அரசாங்கக் கந்தோர்கள் ஒரு காலத்தில் மழைக்கும் பயப்படவில்லை, மந்திரிக்கும் பயப்படவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்கிய ஒரு தையல்காரருக்குத்தான் பயந்தன. அவர் படியேறி வருவதை ஜன்னல் வழியாகக் கண்டால் போதும், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கிளாக்கர்மார் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிடும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் எங்கள் பஜாரில் யாருக்கும் தெரியாது. 'நாளைக்கு மாஸ்டர்' என்றால் ராகலை வரைக்கும் தெரியும். என் போட்டோ கொப்பிக் கடைக்கும் அவர் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் மெஷின் ஓடுவது என் பக்கம் கேட்கும். ஓடாமல் இருப்பது இன்னும் நன்றாகக் கேட்கும்.

"மாஸ்டர், ஜாக்கெட்டு தைச்சாச்சா?"

"நாளைக்கு வாங்க."

இதுதான் பேர் வந்த கதை. தீபாவளிக்குக் கொடுத்த துணி தைப்பொங்கலுக்கு வரும். கலியாணத்துக்குக் கொடுத்த ஜாக்கெட்டைப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று வாங்கிப்போன பெண்ணும் உண்டு. இப்போது உடம்புக்குப் பற்றவில்லை என்று அவள் அழாத குறையாக நின்றபோது, "பிரிச்சு வுட்டா சரியாப் போயிரும்மா, நாளைக்கு வாங்க" என்றார் மனிதர்.

அப்படிப்பட்டவரைச் சட்டம் வந்து பிடித்துக்கொண்டது. கொழும்பிலிருந்து சிலர் வந்து கோயில் மண்டபத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிக் கூட்டம் வைத்தார்கள். மாஸ்டர் போனது அங்கே தின்னக் கொடுத்த ரோல்ஸுக்காக. திரும்பி வந்தது வேறு ஆள்.

"தம்பி, சங்கதி தெரியுமா? கந்தோர்ல இருக்க வெவரத்த நாம கேக்கலாமாம். வெறுந்தாள்ல எழுதிக் குடுத்தாலே போதும். எழுத முடியாட்டி வாயால சொன்னா அவங்களே எழுதிக்கணும். கெடச்சதுன்னு ஒடனே ஒரு துண்டு தரணும். பதினாலு வேலை நாளுக்குள்ள தர்றோம், தர மாட்டோம்னு முடிவு சொல்லணும். சொல்லாட்டி மேல அப்பீலு. அங்கயும் சரிவராட்டி கொழும்புல ஆணைக்குழு. எல்லாத்தையும் விட பெரிய விசயம் என்னா தெரியுமா? ஏன் கேக்கிறன்னு நம்மள அவங்க கேக்கவே கூடாது!"

"பதினாலு நாளா? அப்ப ஒங்க ஜாக்கெட்டுக்கு எத்தன நாளு மாஸ்டர்?"

"நா என்ன அரசாங்கமா தம்பி?" என்று நூலைப் பல்லால் கடித்தார்.

அன்றிலிருந்து கேள்வி அவருடையது, எழுத்து என்னுடையது. கடைக்கு முன்னால் இருந்த தெரு லைட் பகலெல்லாம் எரிந்து இரவெல்லாம் தூங்கியது. அதைக் கடைசியாக யார், எப்போது வந்து பார்த்தார்கள் என்று உள்ளூராட்சிக் கந்தோருக்கு எழுதினோம். பதில் வருவதற்கு முன்னால் ஏணியோடு ஆள் வந்தார். பதில் எழுதுவதை விட லைட்டைத் திருத்துவது லேசு என்று நினைத்திருப்பார்கள். மாஸ்டருக்கு ஒரே ஏமாற்றம். "லைட்டு எரியுது சரி. பதில் எங்க?" என்று மறுபடி போனார்.

பஜார் சும்மா இருக்குமா? தேயிலைப் பக்டரியில் வேலை செய்த கமலா அக்கா ஒரு நாள் ஒரு தாளை நீட்டினாள். 'என் பச்சை ஜாக்கெட்டு தற்சமயம் எங்கே இருக்கிறது, எந்த நிலைமையில் இருக்கிறது என்பதை அறியத் தரவும்.' அதையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். கெடச்சது என்று முறையாக ஒரு துண்டு எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"இது தனியார் கடம்மா. அந்தச் சட்டம் இங்க செல்லாது."

"அப்ப நா யாருகிட்ட அப்பீலு பண்றது?"

"ராணிகிட்ட."

கமலா அக்கா ராணி அக்காவிடம் அப்பீல் செய்தாள். சாயங்காலம் ஜாக்கெட் கையில் இருந்தது.

ராணி அக்கா அந்தக் கடையில் காஜா எடுத்து, பொத்தான் வைத்து, ஓரம் தைக்கிறவர். ஊருக்கே தெரிந்த உண்மை, அந்தக் கடையிலிருந்து எந்தத் துணியாவது முடிந்து வெளியே வந்தால் அது ராணி அக்காவால்தான். மாஸ்டர் வெட்டுவார், பேசுவார், அரசாங்கத்தைக் கேள்வி கேட்பார். முடிப்பது ராணி அக்கா.

ராணி அக்காவின் வீடு தேயிலைத் தோட்டத்து உச்சியில், மேல்கணக்கு என்கிற பிரிவில். சாயங்கால பஸ் முன்பெல்லாம் அதுவரைக்கும் போகும். ஒரு மழைக்கு மண் சரிந்து பாதை அடைபட்டதிலிருந்து பஸ், பாதை வளைகிற பக்டரி முடக்கிலேயே திரும்பியது. பாதையைத் திருத்தி எவ்வளவோ காலம் ஆகியும் பஸ் மட்டும் மேலே போகவில்லை. சனங்களும் முடக்கில் இறங்கி, தேயிலைக்கு நடுவே அட்டைக்கடியோடு ஏறிப் பழகிவிட்டார்கள். ராணி அக்காவின் முழங்கால் மட்டும் பழகவில்லை.

ஒரு நாள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"மாஸ்டர், இந்த மாசத்தோட நா நின்னுக்கிறேன். ஏறவே முடியல. நேத்து பாதி வழியில ஒக்காந்து அழுதுட்டேன்."

மெஷின் நின்றது.

"நாளைக்குப் பேசுவமே ராணி."

"ஒங்க நாளைக்கு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் நான் கடை திறக்க வரும்போது மாஸ்டர் என் கடை வாசலில் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய நாளைக்கு, நாளைக்கே வந்திருந்தது. "எழுதுங்க தம்பி. மேல்கணக்கு சாயங்கால பஸ்ஸு நேரசூசியோட ஒரு கொப்பி வேணும். அத பக்டரி முடக்கோட நிப்பாட்டச் சொன்ன கட்டளை எது? போட்டது யாரு? எந்தத் தேதி?"

பஸ் டிப்போவுக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த தகவல் அலுவலர் நல்ல மனிதர், ஓரளவு தமிழும் பேசினார்.

"மாஸ்டர், இது எதுக்கு ஒங்களுக்கு? நீங்க பஜார்லதானே இருக்கிறது?"

"காரணம் சொல்லத் தேவல்லீங்க."

"தெரிஞ்சா நான் உதவி செய்யலாம்தானே?"

நான் மாஸ்டர் காலை மிதித்தேன். ராணி அக்காவின் முழங்காலைச் சொன்னால் அந்த மனிதர் இரங்கிவிடுவார் போலிருந்தது. மாஸ்டர் அசையவில்லை. துண்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"காரணத்த சொன்னா கெஞ்சுற மாதிரி ஆயிரும் தம்பி. நம்ம சனம் கெஞ்சுனது போதும். இது கேக்கிறது."

பிறகு அவர் காத்திருந்ததைப் பார்க்கவேண்டும். ஊரையே காத்திருக்க வைத்த மனிதர் தினமும் கலண்டரைக் கிழிக்கிறார், தபால்காரரை வழிமறிக்கிறார், பௌர்ணமிப் போயா லீவு வந்தால் புத்தரைக் கோபிக்கிறார். பதில் வரும்வரை பொறுப்பதாக ஒத்துக்கொண்ட ராணி அக்கா மட்டும் விடவில்லை: "இப்ப தெரியுதா மாஸ்டர், தீபாவளிக்கு மொத நாளு எங்க வயிறெல்லாம் எப்புடி எரியும்னு?"

பதில் சிங்களத்தில் வந்தது. மாஸ்டருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் தமிழில் கேட்டால் தமிழில்தான் பதில் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ராணி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். தமிழில் வந்தபோது நான்தான் உரக்கப் படித்தேன். மேற்படி பஸ் தினசரி மேல்கணக்கு வரை சேவையில் ஈடுபடுகிறது. அதைக் குறுக்கும்படி எந்தக் கட்டளையும் பிறப்பிக்கப்படவில்லை. கீழே ஒரு கையெழுத்து, முத்திரை.

"பச்சப் பொய்யி!" என்றார் ராணி அக்கா. "அப்பீல் போடுவோம்" என்றேன் நான்.

"எதுக்கு அப்பீலு? எவ்வளவு நல்ல பதிலு! ஓடுதுன்னு அரசாங்கமே சொல்லுதே, ஏறிப் போவோம்" என்றார் மாஸ்டர். கடிதத்தை என்னிடமே லேமினேட் செய்துகொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறினார். மேல்கணக்குக்கு ராணி அக்காவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று டிக்கெட் வாங்கினார். வேடிக்கை பார்க்க நானும் ஏறினேன்.

பக்டரி முடக்கு வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். மாஸ்டர் உட்கார்ந்திருந்தார், அவரைப் பார்த்து நாங்களும்.

"மாஸ்டர், இறங்குங்க. இதுதான் கடைசி" என்றார் கண்டக்டர்.

"மேல்கணக்குக்குத்தானே டிக்கெட்டு குடுத்தீங்க?"

"டிக்கெட் மெஷின்ல பேர் இருந்திச்சு, அழுத்திட்டேன்."

மாஸ்டர் லேமினேட் கடிதத்தை டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது! சிங்களத்தில் வந்த கடிதத்தை வீறாப்பாகத் திருப்பி அனுப்பிய மனிதர் முகத்தில் அப்போது ஈயாடவில்லை.

"நல்லா வேணும்" என்றார் ராணி அக்கா.

மாஸ்டரே சிங்களத்தில் சொன்னால் டிரைவர் நம்பவா போகிறார்? கடைசியில் இரண்டு பாஷையும் தெரிந்த கண்டக்டரே, தன் பஸ்ஸுக்கு எதிரான கடிதத்தைத் தன் வாயாலேயே சிங்களத்தில் சொல்லவேண்டி வந்தது. அவர் பாதியை முழுங்கப் பார்த்தார்.

"தினசரின்னு ஒரு வார்த்த இருக்கே, அதையும் சொல்லுங்க" என்று மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார்.

டிரைவர் கேட்டு முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவருக்கு முன்னால் ஓட்டியவர் முடக்கில் திருப்பினார், அதனால் இவரும் திருப்பினார். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஹரி, யமு", சரி போவோம் என்று கியரைப் போட்டார். இறங்கி நின்றவர்கள் ஓடிவந்து தொற்றிக்கொண்டார்கள்.

மேல்கணக்கில் பஸ் சத்தம் கேட்டு லயத்து வீடுகளிலிருந்து சனமெல்லாம் வெளியே வந்தது. ராணி அக்கா வீட்டு வாசலிலேயே இறங்கினார். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மாஸ்டர்" என்றார்.

"இல்ல ராணி. இந்த பஸ்ஸு வெறுமனா கீழ போகக் கூடாது. இங்கருந்து ஏற ஆளில்லன்னு எழுதிப்புட்டா, அப்புறம் நெசமாவே கட்டளை வந்துரும்."

அந்த மாதம் முழுவதும், அடுத்த மாதமும், சாயங்காலம் ஆனால் கடையை மூடிவிட்டு அந்த பஸ்ஸில் மேலே போய், இறங்காமலே அதே பஸ்ஸில் டிக்கெட் வாங்கிக் கீழே வந்தார். எதற்கு இப்படி அலைகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "காரணம் சொல்லத் தேவல்ல." தைக்கிற வேலை இன்னும் பின்தங்கியது. ஊர் திட்டிக்கொண்டே காத்திருந்தது.

மாஸ்டர் போய்ச் சேர்ந்து இப்போது கொஞ்ச காலமாகிறது. மேல்கணக்கில் அவருக்குச் சொந்தமென்று ஒருவரும் இல்லை. உடலை எடுக்கிற அன்று ராணி அக்காவைக் கூட்டிவர, இப்போது மேல்கணக்கு வரை போகிற காலை பஸ்ஸில் நான் மேலே போயிருந்தேன். திரும்பும்போது சாவு வீட்டுக்கென்று ஏறிய மேல்கணக்குச் சனத்தில் பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் நிற்கக்கூட இடம் கிடைக்கவில்லை. ராணி அக்கா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதப் பாக்க அந்த மனுசன் இல்லையே" என்றார்.