பிறர் வீட்டு முயலைத் தூக்குபவர்

பிறர் வீட்டு முயலைத் தூக்குவதற்கென்றே பிறவி எடுத்த ஒரு கூட்டம் இருக்கிறது. தம் வீட்டில் இவர்கள் முயல் வளர்ப்பதில்லை. வளர்த்தால் புல் போட வேண்டும், கூண்டு கழுவ வேண்டும். அதெல்லாம் நிபுணர்கள் செய்கிற வேலையா? வந்து உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். தண்ணீர் கொடுத்தால் அப்புறம் என்பார்கள். சட்டைக்கையை மடித்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, அறுவை சிகிச்சைக்குப் போகிறவரைப் போல விரல்களை உதறிவிட்டு மந்திரத்தைச் சொல்வார்கள்: "குடுங்க, எனக்குப் பழக்கம்."

எதில் பழக்கம்? கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் வளர்த்த புறா, மாமனார் வீட்டு ஆடு, ஒருமுறை ரயிலில் பக்கத்து இருக்கையில் வந்த பூனை என்று சான்றுகள் வரிசையாக வரும். முயல் மட்டும் வராது.

என் சகலை இந்த இனத்தில் கலப்படமற்றவர். பிரிட்ஜ் பழுதுபார்ப்பது தொழில். எதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

எங்கள் முயலுக்கு மேனேஜர் என்று பெயர். யார் கூப்பிட்டாலும் உடனே வராது என்பதால் மகள் வைத்தது. வாங்கி வந்த நாள் முதல் அதற்கு பீரோவுக்கு அடியில்தான் குடித்தனம். "தூக்காதே பாப்பா. தரையில இரு, அதுவா வரட்டும்" என்றார் கால்நடை மருத்துவர். மூன்று வாரம் அவள் தரையில் குப்புறப் படுத்தே வீட்டுப்பாடம் எழுதினாள். கையெழுத்து கோணியது, மேனேஜர் நாளுக்கு ஒரு சாணாக நெருங்கி, ஒரு வெள்ளிக்கிழமை அவள் முழங்கைமேல் தாடையை வைத்தது. அன்று வீட்டில் யாரும் தும்மக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார்.

"பெரியப்பா, அதுக்குத் தூக்கினா பிடிக்காது. தூக்கியே ஆகணும்னா ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழ, இல்லேன்னா உதறி முதுகெலும்பே ஒடிஞ்சிடும்னு டாக்டர்..."

"அடேயப்பா! பெரியப்பாவுக்கே பாடமா?"

முன்னங்கால்களுக்கு அடியில் பிடித்து ஒரே தூக்கு. பின்னங்கால்கள் அந்தரத்தில் சைக்கிள் மிதித்தன. "விளையாடுது" என்றார். பிறகு, தொழில் புத்தி எங்கே போகும், மல்லாக்கப் புரட்டி மடியில் கிடத்தினார். மேனேஜர் உறைந்தது. நான்கு காலும் மேலே, விழித்த கண் விழித்தபடி, எந்நேரமும் ஆடும் மூக்குகூட ஆடவில்லை.

"பாத்தீங்களா சகலை? என் கை பட்டதும் தூங்கிருச்சு!"

"அத்தான், கண்ணு திறந்திருக்கே" என்றாள் என் மனைவி.

"சில பேரு அப்படித்தான் தூங்குவாங்க. உங்கக்காவைக் கேளு, நானே அப்படித்தான்."

"தூங்கல பெரியப்பா" என்றாள் மகள். "பயத்துல செத்த மாதிரி கிடக்குது."

"என்கிட்ட எந்த ஜீவனும் பயப்படாதும்மா!"

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? விருந்தாளி மனம் நோகக்கூடாதே என்று புன்னகைத்துக்கொண்டிருந்தேன். முயலின் முதுகெலும்பு என் புன்னகையை நம்பிக் கிடந்தது.

மகள்தான் அவர் காலடியில் உட்கார்ந்து, நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்பக்கத்துக்கடியில் ஒரு கை கொடுத்து, நிமிர்த்தித் தன்னோடு அணைத்து, தரையில் இறக்கினாள். மேனேஜர் பீரோவுக்கு அடியில் பாய்ந்தது.

"என்னை விட்டுப் பிரியறோமேன்னு கோவம்" என்று விளக்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார் சகலை.

பத்து நாளாயிற்று. முயல் வெளியே வரவில்லை. மகள் மறுபடி முதல் சாணிலிருந்து தொடங்கித் தரையில் படுத்திருக்கிறாள். "மேனேஜர் என்னைத் தேடுதா?" என்று சகலை தினமும் போன் செய்கிறார்.

நீங்கள் இப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும், அவர் அதைத் தூக்கிய இடத்தில், 'அந்த ஆளுக்கு முறை தெரியல, இதே நானாயிருந்தா...' என்று உங்கள் உள்ளங்கை ஒரு கணம் குறுகுறுத்ததா? அப்படியானால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள். முயல் பீரோவுக்கு அடியில் இருக்கும். அதற்கு முன்னால் என் மகள் இருப்பாள். அவள் உறைந்துபோகிற ஜாதி இல்லை. கடிப்பாள்.